பூசணிக்காய் உடைத்த இடத்தில் ஒரு துளை

நேற்று மாலை உன் கணவர் வந்திருந்தார். ஷிஃப்ட் முடிந்து கம்பெனிச் சட்டையோடு நேராக வந்தவர், ஜவுளிக்கடைப் பை ஒன்றை இரண்டு கைகளாலும் தூக்கி என் மேசைமேல் வைத்தார். உள்ளே என்ன என்று பார்ப்பதற்கு முன்பே பூண்டு வாசனை வந்துவிட்டது.

"இது உங்களுதுதான் சிஸ்டர். சமையக்கட்டுல இருந்திச்சி. கடசி வரிக்கும் இத்த வெச்சிதான் பூண்டு நசுக்கிகினு இருந்தா. சின்னதா ஒரு உரல் வாங்கித் தரேன்னாகூட, 'வேணாம், இது என் தோஸ்த்து போட்ட ரோடு'ன்னுவா."

பையை விரித்தேன். சொம்பு அளவுக்கு ஓர் உருளை. மேல்பாதி சாம்பல் நிறக் கான்கிரீட், கீழ்ப்பாதி கறுத்த தார். கான்கிரீட் முனை மட்டும் பூண்டுச் சாறு ஊறி மஞ்சளாகிப் போயிருந்தது. அவர் போனதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நெடுஞ்சாலையின் ஒரு துண்டால் ரசத்துக்குப் பூண்டு தட்டியவள் இந்தத் தாலுகாவிலேயே நீ ஒருத்தியாகத்தான் இருப்பாய். சிரித்து முடித்த பிறகு அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

விடுதியில் ஒரே அறையில் படித்துவிட்டு, எத்தனையோ வருஷம் கழித்து எதிரெதிர்ப் பக்கத்தில் வந்து நின்றோம். நான் சாலை போடும் கம்பெனியில் தரம் பார்ப்பவள். நீ எங்கள் வேலையைச் சோதிக்க நெடுஞ்சாலைத் துறை வைத்திருந்த நிறுவனத்தின் பொறியாளர். உன் கையெழுத்து இல்லாமல் எங்கள் வேலை முடியாது. ஆட்கள் இருக்கும்போது நான் உனக்கு மேடம், நீ எனக்கு மேடம். அவர்கள் நகர்ந்ததும், "ஏய், டிபன் பாக்ஸ்ல இன்னாடி?" என்று என் பையைத் திறந்துவிடுவாய்.

ஒரகடத்திலிருந்து வடக்குப்பட்டுப் பக்கம் போகிற அந்தத் திருப்பம் உன் ஊர்க்காரர்கள் தினமும் போகிற வழி. கன்டெய்னர் லாரிகள் பிரேக் போட்டு வளைகிற இடம். கோடையில் தார் இளகி, பிசைந்த மாவுபோல ஓரத்தில் ஒதுங்கும். மழை வந்தால் சக்கரம் அழுத்திய பள்ளங்களில் தண்ணீர் நிற்கும். காலை ஷிஃப்ட்டுக்குப் போன உன் தம்பி அங்கே வண்டியோடு விழுந்துதான் மணிக்கட்டை உடைத்துக்கொண்டான். வருஷா வருஷம் தாரைச் சுரண்டித் தாரையே போட்டார்கள். பழைய தாரின் மேல்பகுதியை மட்டும் சுரண்டிவிட்டு, மீதியின்மேல் மெல்லிய கான்கிரீட் போடலாம் என்று எங்கள் மேனேஜரிடம் அடம்பிடித்தவள் நான். இரண்டும் ஒட்டி ஒரே உடம்பாக நின்றால் கீழே இருக்கும் தாரும் சேர்ந்து பாரம் சுமக்கும். ஒட்டாவிட்டால் அந்த மெல்லிய கான்கிரீட் லாரிச் சக்கரத்துக்கு அப்பளம்தான்.

"ஒட்டலன்னா மொத்தத்தையும் ஒடச்சி எடுக்கணும். அதுக்கப்புறம் இந்த ரூட்ல உங்க பேரைச் சொல்லி எவனும் வேலை குடுக்க மாட்டான்" என்றார் மேனேஜர். அது மிரட்டல் இல்லை, உள்ளதைத்தான் சொன்னார். தார் போடுகிற கம்பெனியின் ஆள் ஒருவன் தினமும் பைக்கை நிறுத்தி வேடிக்கை பார்ப்பான். "தார் மேல கான்கிரீட்டா மேடம்? தோச மாறி உரிஞ்சிகினு வரும் பாருங்க. சட்னி நான் கொண்டாறேன்."

சுரண்டிய தார், சீப்பால் இழுத்ததுபோலக் கோடுகோடாக இருக்கும். அதில் தூசி இருக்கக் கூடாது. பெருக்கி, காற்றடித்து வைத்த இடத்தில் நீ உள்ளங்கையைத் தேய்த்து என் முகத்துக்கு நேராகக் காட்டுவாய். "இன்னா மேடம், ரோட்டுக்குப் பவுடர் போட்டு வெச்சிகிறீங்க?" மறுபடியும் காற்றடிப்போம்.

கான்கிரீட் போடத் தொடங்கிய அன்று காலையில் பூஜை. மேஸ்திரி ஏகாம்பரம் இயந்திரத்துக்குச் சந்தனம் வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, குங்குமம் அடைத்த திருஷ்டிப் பூசணிக்காயைத் தலைக்குமேல் தூக்கி ஓங்கி உடைத்தார். எங்கே? நாங்கள் இழைத்து இழைத்துச் சுத்தம் செய்த அதே இடத்தில். சதையும் விதையும் குங்குமமும் கோடுகளுக்குள் இறங்கின. யாரோ நகரும்போது விளக்கும் சாய்ந்து, நல்லெண்ணெய் வாய்க்கால் கட்டி ஓடியது.

நீ ஓரமாக நின்று சிலுவை போட்டுக்கொண்டாய். தேங்காய்ச் சில்லு ஒன்றை வாங்கிக் கடித்தாய். பிறகு, "பூஜை முடிஞ்சிதா மேஸ்திரி? இப்ப கழுவுங்க" என்றாய்.

ஏகாம்பரத்துக்கு முகம் சுண்டிப்போனது. "திருஷ்டி கழிச்சத உடனே வழிச்சிப் போட்டா கழிச்சதே வேஸ்ட்டு மேடம். அதும்மேல வண்டி ஏறணும்."

"ஏறட்டும். மண்ணுல ஏறட்டும். எண்ண மேல எது ஒட்டும், சொல்லுங்க?"

அவர் என்னைப் பார்த்தார். துண்டுகளைப் பொறுக்கிச் சாலையோர மண்ணில் வைக்கச் சொன்னேன். முதல் கான்கிரீட் லாரி அவற்றின்மேல் ஏறி வந்த பிறகுதான் அவர் முகம் தெளிந்தது. எண்ணெய்தான் விடவில்லை. சோப்புத்தூள் போட்டுக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினோம். நீ மண்டியிட்டு, மூக்கைத் தாரில் வைத்து முகர்ந்து பார்த்தாய்.

"இன்னும் நல்லெண்ண வாசன வருதுடி."

அத்தனை பேர் நடுவில் அந்த 'டி' விழுந்ததும் ஏகாம்பரம் உட்பட எல்லோரும் சிரித்துவிட்டார்கள். நீ மட்டும் சிரிக்காமல் பிரஷ்ஷை என் கையில் கொடுத்தாய். தேய்த்தேன். உன் மூக்கு ஒப்புக்கொள்ளும்வரை தேய்த்தேன்.

கான்கிரீட் இறுகிய பிறகு, ஒட்டியிருக்கிறதா என்று துளைபோட்டு, உள்ளிருந்து ஓர் உருளையை எடுத்துப் பார்க்கும் நாள் வந்தது. எங்கே துளைக்கலாம் என்று நான் சாக்பீஸால் வட்டம் போட்டு வைத்திருந்தேன். எல்லாம் எனக்குச் சந்தேகமே இல்லாத இடங்கள். நீ வந்தாய். ஒரு வட்டத்தைச் செருப்பால் அழித்தாய். நேராக நடந்துபோய்ப் பூசணிக்காய் உடைத்த இடத்தில் வட்டம் போட்டாய்.

"மேடம், அங்கதான் எண்ணெய் கொட்டுச்சு. வேற எங்கயாவது போடலாமே" என்றார் மேனேஜர்.

"எங்க பயமோ அங்கதான் சார் துள."

அந்த நிமிஷம் உன்மேல் எனக்கு வந்த கோபத்தை இப்போது சொன்னால் என்ன? என் சோற்றில் பாதி தின்றவள், என் பிழைப்பைப் போய்ச் சரியாக அந்த இடத்தில் நிறுத்துகிறாளே என்றுதான். உன் முகத்தைப் பார்க்கவில்லை, துளையைத்தான் பார்த்தேன். துளைக்கும் இயந்திரத்துக்கு விட்ட தண்ணீர் முதலில் சாம்பல் நிறமாக வந்தது. பிறகு கறுப்பாக வந்தது, தாருக்குள் இறங்கிவிட்டது. ஏகாம்பரம் குலதெய்வத்தின் பெயரை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். உருளையை உருவி எடுத்தார்கள். பிரியாமல் முழுசாக வந்தது. பக்கத்திலேயே இன்னொன்றும் எடுக்கச் சொன்னாய், அதுவும் முழுசு.

ஒன்றை லேபுக்கு எடுத்துப்போய் இரண்டு பக்கமும் பிடித்து, அறும்வரை இழுத்தார்கள். அறுந்தது. ஒட்டிய இடத்தில் அல்ல, அதற்குக் கீழே, தாருக்குள்ளேயே. தார் தன்னையே விட்டதே தவிர கான்கிரீட்டை விடவில்லை. அடுத்த முறை பைக் வந்து நின்றபோது ஏகாம்பரம் குரல் கொடுத்தார்: "சட்னி எங்கப்பா?"

இன்னொரு உருளையை, துளைத்த அன்றே, நீ பையில் போட்டுக்கொண்டாய். அன்று டீக்கடையில் நான் உன்னை விட்டுத் தள்ளி உட்கார்ந்தேன். ஊதி ஊதி டீயைக் குடித்துக்கொண்டே சொன்னாய்: "ஒன்ன நம்புனதாலதாண்டி அங்க போட்டேன். நம்பலன்னா, நீ வரஞ்ச வட்டத்துலயே போட்டு, கையெழுத்தும் போட்டுட்டு வூட்டுக்குப் போயிருப்பேன்."

வடையில் பாதியைப் பிய்த்து உன் தட்டில் வைத்தேன்.

அதன் பிறகு எத்தனையோ வெயில் பார்த்துவிட்டது அந்தச் சாலை. செம்பரம்பாக்கம் ஏரியில் ஷட்டர் திறக்கிற அளவுக்குப் பெய்த மழையையும் பார்த்துவிட்டது. உன்னிடம் மறைப்பானேன், ஃபேக்டரி கேட் பக்கம், சதுரம் சதுரமாக வெட்டிய கான்கிரீட்டில் ஒன்றின் மூலை விரிசல் விட்டு, அதை மட்டும் மாற்றினோம். மற்றபடி எங்கும் உரியவில்லை. தண்ணீர் நிற்பதில்லை. ஷிஃப்ட்டுக்குப் போகிற பெண்கள் ஸ்கூட்டியில் பேசிக்கொண்டே அந்த வளைவைக் கடக்கிறார்கள், காலடியில் என்ன இருக்கிறது என்ற நினைப்பே இல்லாமல். அப்படித்தான் இருக்க வேண்டும். நான் மட்டும் காரை மெதுவாக ஓட்டி, கூட வருகிறவர்களிடம் "இது நாங்க போட்டது" என்பேன். நீ எதிர்ப்பக்கத்து ஆள்தான். ஆனாலும் எனக்கு அது 'நான்' என்று ஒருநாளும் வாயில் வந்ததில்லை.

இப்போது ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் இதே வேலை செய்துகொண்டிருக்கிறேன். கான்கிரீட் லாரி வந்துகொண்டிருந்த நேரத்தில் திடீரென்று ஒரு மழை அடித்து, சுரண்டிய கோடுகளில் நீர் தேங்கிவிட்டது. காற்றடித்து வெளியேற்றி, காயவிட்டுத்தான் போட்டோம். ஆனாலும் ஓரிடத்தில் மட்டும் எனக்கு உறுத்துகிறது. இன்று காலையில் சோதிக்கும் நிறுவனத்துப் பொறியாளர், நல்ல மனிதர், "நீங்களே இடத்தைச் சொல்லுங்க மேடம், எங்க வேணா துளைக்கலாம்" என்று சாக்பீஸை என்னிடமே நீட்டினார்.

அதை வாங்கிக்கொண்டேன். பிறகு போய் மழைத் தண்ணீர் நின்ற இடத்தில் வட்டம் போட்டேன்.

தாடி நரைத்துப்போன ஏகாம்பரம் தலையில் அடித்துக்கொண்டார். "வேற எடமே கெடைக்கலயா மேடம்?"

"எங்க பயமோ அங்கதான் மேஸ்திரி."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அந்தம்மா போயும் நம்மள உட மாட்டாங்க போலக்குது" என்று சொல்லிவிட்டு, இயந்திரத்துக்குத் தண்ணீர்க் குழாய் இழுக்கப் போனார்.

துளை நாளைக்கு. பயமாகத்தான் இருக்கிறது. நீ இத்தனை வருஷம் அடித்தும் பிரியாத அந்தக் கல்லைக் காரில் என் பக்கத்து சீட்டில் வைத்திருக்கிறேன். வண்டி முழுக்கப் பூண்டு வாசனை.