ஐந்து நிமிடம் முந்திய மணிக்கூடு

திங்கட்கிழமை

மகள் ரிஸ்னாவுக்கு வேலை போய்விட்டது. அவள் பராமரிக்கும் ஆஸ்பத்திரி இணையத்தளத்தின் கணினி தன் பெயரையும் நேரத்தையும் அனுப்பினால், சேர்வர் என்ற இன்னொரு கணினி சரிபார்த்து உள்ளே விடுமாம். இன்று அது அனுப்பிய நேரம் முந்தியிருந்ததால் கள்ளனென்று தள்ளிவிட்டது. நோயாளிகளின் அறிக்கை ஒன்றும் திறக்கவில்லை.

“ஆரு மகள் நேரத்த மாத்தின?”

“நான்தான் வாப்பா. நம்மட ஊட்டு மணிக்கூடு மாதிரி, லுஹர் தொழுகை தவறாம இரிக்க அஞ்சு நிமிசம் கூட்டி வெச்சன்.”

“மெசினும் தொழப் போகுதா?” என்று முதலாளி சிரித்தாராம். பிறகு நாளை வரவேண்டாம் என்றாராம்.

வீட்டு மணிக்கூட்டை முந்த வைத்தவன் நான். மகளிடம் எழுதப் பழகும் நான், ‘மணிக்கூடு’ என்ற சொல்லை இன்றுதான் பிழையில்லாமல் எழுதினேன். எழுதியதையெல்லாம் சந்தோஷமாக அவளிடம் காட்டுவேன். இதைக் காட்டவில்லை.