ஓரத்தில் நின்றவர்

அன்பு மகள் வாலுவுக்கு அத்தை எழுதுவது. கல்யாணம் நிச்சயமான பெண்ணை இன்னும் வாலு என்று கூப்பிடலாமா என்று உங்க மாமா கேட்கிறார். மாப்பிள்ளை வீட்டார் முன்னால் கூப்பிட மாட்டேன், பயப்படாதே. ஆண்டவன் புண்ணியத்தில் இங்கே நானும் மாமாவும் இருக்கிறோம். சுகமாக இருக்கிறோம் என்று எழுத வந்தேன், கை ஓடவில்லை.

உன் கடிதம் வந்த நாளிலிருந்து மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. "மாமாதான் படம் எடுக்கணும், வேற யாரு எடுத்தாலும் நான் சிரிக்க மாட்டேன்" என்று எழுதியிருந்தாயே, ஸ்டூடியோவுக்கு வருகிறவர்களிடமெல்லாம் அதைச் சொல்லியாகிவிட்டது. பாஸ்போர்ட் படத்துக்கு உட்கார்ந்த ஒரு மனுஷன் கழுத்தை அசைக்க முடியாமல் முழுக் கதையையும் கேட்டார், பாவம்.

அந்தக் கண்ணாடி அலமாரியில் நாலு கேமரா இருக்குமே, உன்னைத் தொடவே விட மாட்டாரே, அதைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். முதல் கேமரா எங்கள் கல்யாணம் ஆன புதிதில் வாங்கியது. வெளிச்சம் பார்க்க மீட்டர் தனியாகக் கழுத்தில் தொங்கும். அதை நீட்டிப் பார்த்து, மனசுக்குள் கணக்குப் போட்டு, பிறகுதான் கேமராவைத் திருகுவார். அதற்குள் எதிரே இருக்கிற குழந்தை தூங்கிவிடும். இரண்டாவதில் மீட்டர் உள்ளேயே வந்துவிட்டது. கண் வைத்துப் பார்க்கிற இடத்தில், வலது ஓரமாக ஒரு சின்ன முள். வளையத்தைத் திருப்பித் திருப்பி அந்த முள்ளை நடுவில் நிறுத்த வேண்டும். என் முகத்தைக்கூட அவர் அவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

மூன்றாவதுதான் தானாக வெளிச்சம் பார்க்கிறது. லென்ஸ் எவ்வளவு திறக்க வேண்டும் என்று நாம் வைத்தால், எவ்வளவு நேரம் திறக்க வேண்டும் என்று அதுவே முடிவு செய்துகொள்ளும். அதை விற்க வந்தவரை, "கண்ணு தெரியாதவனுக்குச் செஞ்ச மெஷினய்யா இது, எனக்கு எதுக்கு?" என்று விரட்டியவர் உங்க மாமா. பிறகு ஒருநாள் அவரே போய் வாங்கி வந்தார். போன வருஷம் நாலாவதும் வந்தது. அதில் இரண்டையும் கேமராவே பார்த்துக்கொள்ளும், பட்டனை அமுக்குவது மட்டும்தான் நம் வேலை. "காலம் மாறுதுல்ல, நாமளும் மாறணும்" என்றார். புத்தி வந்துவிட்டது என்று நான் ஆண்டவனுக்கு நன்றிகூடச் சொன்னேன். எனக்கு வந்த புத்தியைச் சொல்ல வேண்டும். அவர் ஒன்றும் மாறவில்லை, கண்ணு. ஓரத்தில் இருந்த முள் அவருக்குத் தெரியாமல் போயிருக்கிறது.

கழுவி வருகிற படங்களை ஓரம் வெட்டி உறையில் போடுவது என் வேலை என்று உனக்குத் தெரியும். ஒரு ஆபீஸில் ஓய்வு பெறுகிறவருக்காகக் குரூப் போட்டோ எடுத்தார். வெளிச்சத்தில் ஒரு குறை சொல்ல முடியாது, நிழலில் நின்றவர் முகம்கூடப் பளிச்சென்று இருந்தது. ஆனால் வலது கோடியில் நின்ற வாட்ச்மேனுக்குப் பாதி உடம்புதான். இன்னொரு படத்தில் ஆளே இல்லை. அந்த மனுஷர் கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "காலம் பூரா வாசல்ல நின்னேன், போட்டோவுலயும் என்னை வெளியவே நிக்க வச்சிட்டாரேம்மா" என்று சிரித்தார். மாமாவோ, அவரு நகர்ந்துட்டாரு என்று சாதிக்கிறார். பழைய படங்களை எடுத்துப் பார்த்தேன். ஒன்றில் ஒரு பெரியம்மா இல்லை, ஒன்றில் ஒரு பிள்ளையின் காது மட்டும்.

எனக்குக் கண் வலி என்று பொய் சொல்லி அவரைக் கண் டாக்டரிடம் கூட்டிப் போனேன். ஆண்டவன் அந்தப் பொய்யை மன்னிப்பான். அங்கே போய் அவர் கண்ணைப் பார்க்கச் சொன்னேன். அவருக்குக் கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, நரம்பு கெட்டுக்கொண்டே வருகிறதாம். பார்வை ஓரத்திலிருந்து அடைத்துக்கொண்டு வருமாம். போனது திரும்பாது, சொட்டு மருந்தைப் போட்டுப் பார்க்கலாம் என்றார் டாக்டர். போட்டுப் பார்த்தோம், அழுத்தம் இறங்கவில்லை. இந்த மாசமே ஆபரேஷன் செய்தால் மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்கிறார். அதற்கு மாமா சொன்னதைக் கேள்: "கல்யாணம் முடியட்டும் டாக்டர். பிள்ளை ஆசைப்பட்டுக் கேட்டிருக்கா. கத்தி வச்சபிறகு இந்தக் கண்ணு கேமராவுல எப்படி நிக்கும்னு யாருக்குத் தெரியும்?" கல்யாணத்துக்கு இன்னும் அஞ்சு மாசம் இருக்கிறது என்றதும் டாக்டர் பேனாவை மூடிவிட்டார். "அதுவரைக்கும் கண்ணு காத்திருக்கும்னு நான் சொல்ல மாட்டேன்" என்றார்.

அழுது பார்த்தேன், சண்டை போட்டேன், நோன்பு இருந்தேன். "உனக்கு என்னடி தெரியும், வெளிச்சத்தை அது பாத்துக்கும்" என்கிறார். "ஓரத்துல நிக்கிறவங்களை யாரு பாத்துப்பா?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

இப்போது தினமும் ஒத்திகை நடக்கிறது. ஸ்டூடியோவில் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, இது பொண்ணு, இது மாப்பிள்ளை, இது உங்க அண்ணன் என்று சொல்லிக்கொண்டே தலையை இப்படியும் அப்படியும் திருப்புகிறார். கோடி நாற்காலி எனக்கு. நேற்று கேமராவில் கண்ணை வைத்தபடி, "எங்கடி போயிட்ட?" என்று கூப்பிட்டார். நான் அந்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன், கண்ணு.

அதனால் உன்னிடம் ஒன்று கேட்கிறேன். வேறு ஆளுக்குச் சொல்லியாச்சு, நீங்க எடுக்க வேண்டாம் என்று மாமாவுக்கு ஒரு கடிதம் போடு. மாப்பிள்ளை வீட்டில் ஏற்பாடு செய்துவிட்டார்கள் என்று எழுது, புது மாதிரிப் படம் வேண்டும் என்று எழுது, உன் இஷ்டம். இதமாக மட்டும் எழுதிவிடாதே. இதமாக எழுதினால், சும்மா சொல்றா என்று கேமராவைத் துடைக்க உட்கார்ந்துவிடுவார். கொஞ்சம் வலிக்கிற மாதிரி எழுது. உன்னைத் திட்டுவார், நன்றி கெட்டவள் என்பார். இந்த அத்தைக்காக வாங்கிக்கொள். அவர் கோபத்தோடு இருக்கிற நாலு நாளில் நான் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போய்விடுவேன். நான் எழுதச் சொன்னேன் என்பது மட்டும் தெரியவே கூடாது.

உன் அப்பாவிடம் காட்டாதே, என் அண்ணனுக்கு வாய் நிற்காது.

ஆண்டவன் உனக்கு ஒரு குறையும் வைக்க மாட்டான். எத்தனை கல்யாணத்துக்கு உங்க மாமா போயிருப்பார், ஒன்றையாவது முகத்தில் கேமரா இல்லாமல் பார்த்திருக்கிறாரா? உன் கல்யாணத்திலாவது கையை வீசிக்கொண்டு வந்து, முன்வரிசையில் உட்கார்ந்து உன்னைப் பார்க்கட்டும். சீக்கிரம் எழுது, தாயே.

உன்னை நினைத்தபடி இருக்கும்
அத்தை