ஓகஸ்டில் மண்ணுக்குப் பசி

ஜூலை 28, திங்கள்

மழை. சுவிஸ் மலைக்குள் இந்த எங்கடினில் இதைக் கோடை என்கிறார்கள், வெட்கமில்லாமல். ஹோட்டல் குசினியில் கழுவக் கழுவக் கோப்பை.

வில் நகரத்தில் இருந்து அத்தான் போன். ஊரில் என்ர மனிசி இன்னும் சரியாகச் சாப்பிடுவதில்லையாம். "பிள்ளையைத் தாட்ட இடத்தில தகப்பன்ர கையால ஒரு சொட்டுப் பால் விழேல்லை எண்டு அழுகிறாள்." அவளின் தம்பி, மச்சான் ஊற்றினவன்தானே என்றேன். என்ர அகதி மனு இழுபடுகிறது. போனால் திரும்பி வர ஏலாது. நான் முகம் காணாத மகன்.

வாங்க: பிளேட், முத்திரை.

ஜூலை 30, புதன்

கொஞ்சம் வெயில்.

அறைகள் துப்புரவாக்கும் செனோபியா, பெரு நாட்டுக்காரி, பியரின் முதல் மிடறை நிலத்தில் ஊற்றினாள். நல்ல பியர். ஏன் என்று கேட்டேன், எங்கள் இருவரின் அரைகுறை ஜெர்மனில். பச்சமாமாவுக்காம். பூமித்தாய். ஓகஸ்டில் வாயைத் திறந்துகொண்டு கிடப்பாளாம். முதலாம் தேதி தீன் போடாவிட்டால் ஆட்களை எடுத்துவிடுவாளாம்.

"நீ என்ன குடுக்கப் போறாய்?"

"குடுத்தாச்சு," என்றேன்.

அவளுக்கு விளங்கவில்லை. படையலுக்குச் சேர்த்து வைத்திருப்பவை: இனிப்பு, சோளம், குசினியில் கெஞ்சி வாங்கிய ஆட்டுக்கொழுப்பு. அவர்கள் ஊரில் படைக்கும் கொக்கா இலை இங்கே ஏது, சூப்பில் போடும் காய்ந்த இலைதான், மூன்று மூன்றாக அடுக்கி. சூப்பு இலையில் ஏமாறுகிற தெய்வம். எங்கட சாமிகள் என்றால் குறைந்தது கோயிலுக்குள் இருந்து சாப்பிடும்.

இடது முழங்கால் நோ.

ஓகஸ்ட் 1, வெள்ளி

சுவிஸ்காரரின் தேசிய நாள். மலைகளில் இரவுத் தீக்கு விறகு அடுக்குகிறார்கள். செனோபியாவுக்குச் சந்தோசப் புளுகம், இந்தச் சனமும் பச்சமாமாவுக்குத்தான் எரிக்குது என்று. சொசேஜ் சுட்டுத் தின்ன என்றேன். நம்பவில்லை.

மத்தியானம் ஹோட்டலுக்குப் பின்னால், கிழங்குத் தோல் கொட்டும் இடத்தில், குழி தோண்டி எல்லாவற்றையும் புதைத்தாள். முழந்தாளிட்டு மண்ணோடு கதை வேறு. சமையற்காரன் ஜன்னலில் நின்று சிரித்தான். நானும்தான்.

பிறகு சொன்னாள். அவளுடைய புருஷனை அவர்கள் நாட்டு ஆமி கொண்டுபோனதாம். எங்கே தாட்டார்கள் என்றே தெரியாதாம்.

"அங்க குடுத்தாலென்ன, இங்க குடுத்தாலென்ன. அவள் ஒருத்திதான். அவருக்குப் போய்ச் சேரும்."

விசர்க் கதை. பின்னேரம் முழுக்க அதே நினைப்பு. கோப்பை இரண்டு உடைந்தது.

ஓகஸ்ட் 2, சனி

மழை விட்டுவிட்டு. மலையில் கரி, கீழே வெற்றுப் போத்தல்கள்.

குசினியில் ஒரு கிளாஸ் பால் எடுத்தேன். "கோப்பிக்கோ?" என்றான் சமையற்காரன். ஓம் என்றேன். நேரே பின்பக்கம். அவள் மூடிய மண் இன்னும் இளக்கம். ஊற்றினேன். உடனே குடித்தது, பேராசை பிடித்தது.

செனோபியா மேல் ஜன்னலில். முகமெல்லாம் சிரிப்பு. தன் சாமிக்கு ஆள் சேர்ந்துவிட்டது என்ற நினைப்பு.

உனக்கில்லை, என்று மண்ணுக்குத் தமிழிலேயே சொன்னேன். நீ வைச்சிருக்கிறாயே, அவனுக்கு. வழியில நக்காமல் கொண்டுபோய்க் குடு.

அத்தானுக்குப் போன் எடுக்க. மனிசியிட்டச் சொல்லச் சொல்ல வேணும்: ஊத்தியாச்சு.