தலையில்லாத சிலைக்குப் பக்கத்தில் நீ

மேற்பிரிவு லயம்,
வட்டவளை.
2003 ஆவணி, வெள்ளிக்கிழமை.

என் தங்க மகள் பூரணிக்கு உன் சித்தப்பா மாயாண்டி ஆசையோடு எழுதிக்கொள்வது. மாரியாத்தா கிருபையில் நானும் உன் சித்தி வீரம்மாவும் தினமும் மழையில் நனைந்தாலும் காய்ச்சல் இருமல் இல்லாமல் இருக்கிறோம், பாரிசில் நீயும் அப்படியே ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று காலையில் அடுப்பு மூட்டும்போதே இரண்டு பேரும் கேட்டுக்கொள்கிறோம். கை எப்படி இருக்கிறது? கட்டு அவிழ்த்துவிட்டார்களா? அந்த ஊர் டாக்டர்மார் எலும்பு கட்டுவதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. நம்முடைய பெரிய தொரையின் குதிரை கால் முறிந்து கிடந்தபோது மூங்கில் பத்தை வைத்துக் கட்டியது நான்தான் என்பது உனக்குத் தெரியும், அது மறு வருசம் நுவரெலியா ரேசில் இரண்டாவதாக வந்தது, முதலாவதாக வந்த குதிரை ஏதோ கள்ளத்தனம் பண்ணியது. நான் பக்கத்தில் இருந்திருந்தால் உனக்கு இவ்வளவு நாள் வலி இருந்திருக்காது. பக்கத்தில் இல்லை, என்ன செய்வது.

இங்கே மழை விட்டபாடில்லை, கொழுந்து நிறைய வருகிறது, சித்தி மலையிலிருந்து இறங்கும்போது பொழுது சாய்ந்துவிடுகிறது. நான் பக்டரியிலிருந்து பேர் வெட்டிக்கொண்டு ஓய்வில் வந்த பிறகும் புது டீமேக்கர் ஐயா தேயிலை வாசம் பிடிக்க என்னைத்தான் கூப்பிட்டு அனுப்புகிறார், நான் போவதில்லை, போனால் மரியாதை இருக்காது. பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கிற நாகலெட்சுமியின் பசு கன்று போட்டிருக்கிறது, சீம்பால் கொண்டுவந்து கொடுத்தாள், உனக்குப் பிடிக்குமே என்று சித்தி அதை வாயில் வைக்கவே இல்லை, முழுவதையும் நானே சாப்பிட வேண்டியதாகிவிட்டது.

இப்போது விசயத்துக்கு வருகிறேன், இதை நீ கோபப்படாமல் படிக்க வேண்டும். சித்திரையில் நீ அனுப்பிய படத்தைப் பற்றியது. நீ போய் ஆறு வருசத்தில் எங்கள் கைக்கு வந்த முதல் படம் அதுதான். தபால்காரர் கொடுத்தவுடன் நான் லயத்தில் வீடு வீடாகக் கொண்டுபோய்க் காட்டினேன், பாரிசில் பழைய சிலையெல்லாம் வைத்திருக்கிற பெரிய நூதனசாலையில் பூரணியை நிற்கவைத்துப் படம் பிடித்திருக்கிறார்கள், கூட்டம் அலைமோதியது, பொலிஸ் வந்துதான் வழி விட்டது என்று சொன்னேன். உனக்குத் தெரியும்தானே, சித்திக்கு எழுத்துத் தெரியாது, உன் கடிதங்களை நான்தான் வாசித்துக் காட்டுகிறேன், வாசிக்கும்போது ருசிக்கு ஒன்று இரண்டு சேர்த்துக்கொள்வது வழக்கம். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை அங்கே காசு வாங்காமல் உள்ளே விடுவார்கள், அன்றைக்கு உனக்கு லீவு, பஸ் காசை மிச்சம் பிடிக்க நடந்தே போவாய், பாணுக்குள் முட்டையை வைத்துக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொள்வாய், மத்தியானம் வெளியே படியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத் திரும்பவும் உள்ளே போவாய், படம்கூட அங்கே சுற்றிப் பார்க்க வந்த ஒரு சப்பான்காரர் எடுத்துக்கொடுத்தது என்றெல்லாம் எழுதியிருந்தாய். நான் வாசிக்கும்போது முட்டையை மட்டும் கோழிக்கறியாக மாற்றினேன், மற்றதெல்லாம் உள்ளபடிதான்.

படத்தைச் சித்தியிடம் கொடுத்தேன். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சிலையை விரலால் தொட்டு எனக்குக் காட்டினாள். உனக்கு மேலே நிற்கிற அந்தக் கல் பொம்பிளைக்குத் தலை இல்லை, கையும் இல்லை, இறக்கை மட்டும் இருக்கிறது. நீ அதை எவ்வளவு பெரிய பெருமையாக எழுதியிருந்தாலும் நம்முடைய ஆட்கள் கண்ணுக்கு அது பின்னமான சிலை. நம்முடைய கோயிலில் கருப்பண்ணசாமிக்கு ஒரு கை உடைந்துபோனதற்கே ஊரெல்லாம் சேர்ந்து மேளம் அடித்து ஆற்றில் கொண்டுபோய் விட்டோம், நீ என் தோளில் உட்கார்ந்து பார்த்தாய். அப்படிப்பட்டதற்குப் பக்கத்தில் நம்முடைய பிள்ளை சிரித்துக்கொண்டு நிற்கிறதே என்று சித்தி படத்தைப் பெட்டிக்குள் கவிழ்த்து வைத்துவிட்டாள். பூசாரி பொன்னையா வந்து, "சிலையை மட்டும் வெட்டி எடுத்துருங்க அக்கா, கத்திரிக்கோலு இருந்தா ஒரு நிமிச வேலை" என்றார். அதற்குச் சித்தி, "உசுரோட இருக்கிற புள்ள படத்துல கத்தி வைக்கச் சொல்றீங்களே, நீங்கள்லாம் ஒரு பூசாரி" என்று அவரைத் தேத்தண்ணி கூடக் கொடுக்காமல் அனுப்பினாள். நான் கலண்டரிலிருந்து ஒரு பிள்ளையாரை எடுத்துச் சிலைக்கு மேலே ஒட்டலாம் என்று பார்த்தேன், ஆனால் அது நிற்கிற கல்லும் உன் தலைமுடியும் ஒட்டிக்கொண்டு இருக்கிறது, பிள்ளையாரை ஒட்டினால் தும்பிக்கை உன் நெற்றியில் வந்து விழுகிறது.

ஆக படத்தைச் சுவரில் மாட்டவும் முடியவில்லை, வெட்டவும் முடியவில்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன், சித்தி மலையிலிருந்து வந்து கை கால் கழுவியதும் பெட்டியைத் திறப்பாள். உள்ளங்கையால் சிலையை மறைத்துக்கொண்டு உன்னை மட்டும் பார்ப்பாள். பார்த்துவிட்டுத் திரும்பவும் கவிழ்த்து வைப்பாள். நான் பார்க்காத மாதிரி ரேடியோவைத் திருகிக்கொண்டிருப்பேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் நீ படியில் வழுக்கிக் கை உடைந்ததாக எழுதினாய். இதை நான் மாற்றி வாசித்திருக்கலாம், ஆனால் கடிதத்தைப் பார்த்ததும் என் முகமே காட்டிக்கொடுத்துவிட்டது. சித்தி, "கையில்லாததுக்குப் பக்கத்துல நின்னா, கை போச்சு, அடுத்தது என்னன்னு அந்தப் பொம்பிளையப் பார்த்தாலே தெரியுதே" என்று தலையில் அடித்துக்கொண்டாள். நாகலெட்சுமி வேறு சேர்ந்துகொண்டாள். நான் சமாளிக்கப் பார்த்தேன், அந்தத் தலை பத்திரமாக இன்னொரு அறையில் இருக்கிறது, தங்கம் பதித்தது, களவு போகாமல் பூட்டி வைத்திருக்கிறார்கள், திருவிழாவுக்குத்தான் மாட்டுவார்கள் என்றேன். சித்தி நம்பவில்லை. இனி அந்த இடத்துக்குப் போகவே கூடாது என்று பூரணிக்கு எழுது, இன்றைக்கே எழுது, என் பேரில் சத்தியம் வாங்கு என்றாள்.

நான் எழுதவில்லை மகளே. பேனை வாங்க வேண்டும், மை இல்லை என்று நாளைக் கடத்தினேன். ஏனென்றால் அந்தப் படத்தோடு வந்த கடிதத்தில் நீ எழுதிய ஒரு விசயத்தைச் சித்திக்கு நான் வாசிக்கவே இல்லை. வாசித்தால் அழுவாள் என்று விட்டுவிட்டேன். அது என் சட்டைப் பையிலேயே இருந்தது.

கடைசியில் நான் ஒரு முடிவுக்கு வந்தேன், இவளை நேரே கொண்டுபோய்க் காட்டினால்தான் சரி என்று. பாரிசுக்குக் கூட்டிப்போக முடியாது, கொழும்புக்குப் போகலாம். இப்போது சமாதான காலம், வழியில் இறக்கி அடையாள அட்டை கேட்டு நிறுத்துவதில்லை. ஹட்டனில் மெயில் வண்டி ஏறினோம், மூன்றாம் வகுப்பு, போகும்போதும் ராத்திரி, வரும்போதும் ராத்திரி, ஆகவே லொட்ஜ் செலவு மிச்சம், இந்த யோசனையை நீ அங்கே உன் சிநேகிதிகளுக்கும் சொல்லிக்கொடுக்கலாம். ரொட்டியும் கட்டச்சம்பலும் சித்தி கட்டிக்கொண்டு வந்தாள். கொழும்பு நூதனசாலை வெள்ளை மாளிகை மாதிரி இருக்கிறது, முன்னால் பெரிய ஆலமரம். நாங்கள் இரண்டு பேரும் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டோம், பிறகு பார்த்தால் எல்லோரும் சப்பாத்தோடு போகிறார்கள், ஆனால் கழற்றினதைத் திரும்பப் போடுவது கௌரவமில்லை என்று வெறுங்காலோடே போனோம். காவலுக்கு நின்ற சிங்கள ஐயா என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார், என்னை ஏதோ பெரிய உத்தியோகத்தர் என்று நினைத்திருப்பார்.

உள்ளே புத்தர் பெருமான் பெரிதாக உட்கார்ந்திருந்தார், சித்தி கும்பிட்டாள். அதற்கு அப்பால் போனதும் நின்றுவிட்டாள். சுற்றிவரப் பார்த்தால் எல்லாம் உடைந்ததுகள். கையில்லாதது, காலில்லாதது, மூக்குப் போனது, தலை மட்டும் தனியாக, உடம்பு மட்டும் தனியாக. "என்னை எதுக்கு இங்க கூட்டிட்டு வந்த" என்று என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். நான் அந்தக் காவல்கார ஐயாவிடம் சிங்களத்தில் கேட்டேன், என் சிங்களத்தைக் கேட்டு அவர் நான் கண்டியில் படித்தவனா என்றார். இதுகளோடு இவ்வளவு காலம் இருக்கிறீர்களே, உங்கள் குடும்பத்துக்கு ஏதாவது கெடுதல் வந்ததா என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, கெடுதலா, இரண்டு மகள்மாரையும் கட்டிக்கொடுத்துவிட்டேன், மகன் வங்கியில் வேலை, முழங்கால் வலி ஒன்றுதான், அதுவும் நாள் முழுக்க நிற்பதால் என்றார். ஏன் கேட்கிறீர்கள் என்றதும் நான் படத்தைக் காட்டினேன். அவர் சிலையைப் பார்க்கவே இல்லை மகளே. கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு உன்னைத்தான் பார்த்தார். உங்கள் மகளா, சாப்பிடுவது காணாதே, மெலிந்திருக்கிறாளே என்றார். நான் அதைத் தமிழில் சொன்னதும் சித்தி பக்கத்தில் கிடந்த வாங்குப் பலகையில் உட்கார்ந்துவிட்டாள்.

அப்போதுதான் சட்டைப் பையிலிருந்த கடிதத்தை எடுத்தேன். ஒன்றும் சேர்க்காமல், நீ எழுதினபடியே வாசித்தேன். "இந்த ஊருல விசாக் காகிதம் இருக்கா, எங்க இருந்து வந்த, எப்பப் போறன்னு யாரும் என்னைக் கேட்காத இடம் இது ஒண்ணுதான் சித்தப்பா. உள்ள போயிட்டா நானும் மத்தவங்க மாதிரி ஒரு ஆளு." சித்தி திரும்ப ஒருமுறை வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். மூன்றாம் முறை சொல்லவில்லை. ரொட்டிப் பொட்டணத்தை மடியில் வைத்து அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தாள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் எங்களைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தார்கள்.

பிறகு எழுந்துபோய்த் தலையில்லாத ஒரு கல் பொம்பிளைக்கு முன்னால் நின்றாள். பக்கவாட்டில் பார்த்தாள், பின்னால் சுற்றிப் பார்த்தாள், கொழுந்து நிறுவைக்குப் போகிறவள் மாதிரி இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். என்னைக் கூப்பிட்டு, "இங்க பாரு, இதுக்குத் தலை இல்ல, தலை இல்லாட்டிக் கண்ணு இல்ல, கண்ணு இல்லாதது எப்படிக் கண்ணு வைக்கும்? அந்த ஊருல நம்ம புள்ளய அப்படி இப்படிப் பார்க்காதது அந்தக் கல்லு ஒண்ணுதான். அது பக்கத்துலயே நிக்கட்டும்" என்றாள். நான் உடனே, நானும் இதைத்தானே முதலிலிருந்து சொல்கிறேன் என்றேன். "நீ தங்கத் தலையத்தானே சொன்ன" என்று என்னை அந்தக் காவல்கார ஐயாவுக்கு முன்னாலேயே கேவலப்படுத்திவிட்டாள். நல்லவேளை அவருக்குத் தமிழ் தெரியாது.

ஆகவே உனக்குத் தடை இல்லை, தாராளமாகப் போ. ஆனால் நூதனசாலை பார்ப்பதில் இப்போது எனக்கும் அனுபவம் இருப்பதால் சொல்கிறேன், எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்க்கப் போகாதே, கண்ணும் காலும் களைத்துவிடும். கொழுந்து எடுக்கிற மாதிரி ஒரு நாளைக்கு ஒரு நெரை பிடித்துக்கொண்டு போ, மிச்ச மலை எங்கேயும் ஓடிவிடாது. வாங்கு கண்டால் உட்கார். முட்டை மட்டும் வைத்துச் சாப்பிட்டால் காணாது, சிவனேஸ்வரி டீச்சரின் தங்கச்சி வீட்டில் பிள்ளை பார்க்கிற நீ அந்த வீட்டுப் பிள்ளைகள் சாப்பிடுகிற அளவுக்காவது சாப்பிட வேண்டும். மெலிந்திருக்கிறாய் என்று முன்பின் தெரியாத ஐயாவே சொல்லிவிட்டார். காகிதம் வந்தால் வா, வராவிட்டால் கவலைப்படாதே, பாரிசில் அரசாங்கத்துக்கு நீ இல்லாமல் முடியாது, அதனால்தான் விடமாட்டேன் என்கிறார்கள் என்று இங்கே எல்லோருக்கும் சொல்லி வைத்திருக்கிறேன். வாசல் பக்கம் சத்தம் கேட்டால் சித்தி இப்போதும் எட்டிப் பார்க்கிறாள், அதை நான் ஒன்றும் சொல்வதில்லை, நானும்தான் பார்க்கிறேன்.

படத்துக்கு ஹட்டனில் கண்ணாடி போட்டு, கதவைத் திறந்ததும் தெரிகிற சுவரில் ஆணி அடித்து மாட்டியாகிவிட்டது. மாட்டின அன்று சித்தி விளக்குக் கரியை விரலில் தொட்டு, என்னதான் இருந்தாலும் ஊர்க் கண் படக்கூடாது என்று கண்ணாடிக்கு மேலே உன் கன்னத்தில் ஒரு பொட்டு வைத்தாள். அந்தச் சப்பான்காரர் சிலை முழுவதும் விழ வேண்டும் என்று பின்னால் பின்னால் போய் எடுத்த படம் இல்லையா, உன் முகம் ஒரு பச்சைப்பயறு அளவுதான் இருக்கிறது. பொட்டு வைத்ததும் நீ காணாமல் போய்விட்டாய். சித்தி முந்தானையால் துடைத்தாள், நீ திரும்ப வந்தாய்.

மாரியாத்தா உன் கையைச் சீக்கிரம் குணப்படுத்தி, நல்ல சோறும் நல்ல தூக்கமும் கொடுத்து, நூறு வருசம் உன்னை வைத்திருக்க வேண்டும். சித்தி பக்கத்தில் உட்கார்ந்து இதை மறக்காமல் எழுதச் சொல்கிறாள்: அடுத்த மாதம் முதல் ஞாயிறு யாரிடமாவது படம் எடுக்கக் கொடுத்தால் சிலை வேண்டாம், கூரை வேண்டாம், கிட்ட வந்து முகத்தை மட்டும் எடுக்கச் சொல். கன்னத்தில் பொட்டு வைத்த பிறகும் மிச்சம் நீ தெரிய வேண்டும்.

இப்படிக்கு,
உன்னைத் தோளில் தூக்கி வளர்த்த சித்தப்பா,
வ. மாயாண்டி
(சித்தி கையெழுத்துக்குப் பதிலாக விளக்குக் கரியில் கைவிரல் வைத்திருக்கிறாள், துடைத்துவிடாதே.)