விரியாத கை

8 பிப்ரவரி 1938

இன்று பதினேழு பேர். கம்பத்தில் இந்த ஆஸ்பத்திரியில் கை கால் நீவிவிட்டுப் பயிற்சி கொடுக்க நான் ஒருத்திதான். சென்னையில் ஆறு மாதம் இதைப் படித்துவிட்டு வந்தபோது பெருமையாக இருந்தது. இப்போது ராத்திரி கட்டிலைக் கண்டால் போதும் என்றிருக்கிறது.

கடைசியாக வந்தவர் காமயகவுண்டன்பட்டி சுருளியாண்டி. முப்பத்தைந்து வயதிருக்கும். வலது மணிக்கட்டு எலும்பு முறிந்து, கூடியும் விட்டது. ஆனால் கை மூடியது மூடியபடி. ஒரு விரலை நிமிர்த்தப் போனாலே தோள்வரை வலி, பல்லைக் கடித்துக்கொள்கிறார்.

“எப்படி அடிபட்டது?”

“கெணத்துல.”

முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

14 பிப்ரவரி

மெழுகு ஒத்தடம், எண்ணெய், வெந்நீர். விரல்கள் ஒரு நூலளவுகூட அசையவில்லை. எனக்கே சலிப்பாக இருக்கிறது. வலிக்கிறது என்கிறவரைப் பார்த்துச் சலித்துக்கொள்ளும் அளவுக்கு ஆகிவிட்டேனா?

18 பிப்ரவரி, வெள்ளி

விரல்கள் உள்ளே ஒட்டியிருக்கும், மயக்கம் கொடுத்துப் பிரித்துவிடலாம் என்று டாக்டர் முடிவு செய்தார். குளோரோபாரம் கொடுத்தோம். மூச்சு ஆழமானதும் — டாக்டர் தொடக்கூட இல்லை — அந்தக் கை தானாக விரிந்தது. ஒவ்வொரு விரலையும் மடக்கி நிமிர்த்திப் பார்த்தேன். தடையே இல்லை. உள்ளங்கையில் குறுக்காகப் பளபளவென்று ஆறிய தழும்பு.

“பார்த்தியா ஜெபமணி? கையில ஒரு கோளாறும் இல்ல. நடிக்கிறான். நாளைக்கே அனுப்பிவிடு” என்றார் டாக்டர்.

நான் பக்கத்திலேயே நின்றேன். தெளியும்போது, கண் திறப்பதற்கு முன்னாலேயே, விரல்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன. மயக்கத்தில் கிடப்பவர் யாருக்காக நடிப்பார்?

இரண்டு வாரம் தவணை கேட்டேன். “உன் நேரம், உன் பாடு” என்றார் டாக்டர்.

19 பிப்ரவரி

இன்று அந்தக் கையைத் தொடவில்லை. எண்ணெய்க் கிண்ணத்தை மூடிவைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தேன்.

“கெணத்துல என்ன நடந்துச்சு? சொல்ல முடிஞ்சாச் சொல்லுங்க.”

சுவரைப் பார்த்தபடியே சொன்னார். ஐப்பசியில் தோட்டத்துக் கிணறு வெட்டியிருக்கிறார்கள். பாறை உடைக்க வெடி. தம்பி கர்ணன் கீழே திரியைப் பற்றவைத்துவிட்டுக் குரல் கொடுப்பான். மேலே இரண்டு பேராகக் கயிற்றை இழுத்து அவனைத் தூக்க வேண்டும். அன்று கூட இழுக்கிற ஆள் வரவில்லை.

“நான் ஒத்தையிலயே இழுத்துருவேண்டான்னு நாந்தாம்மா சொன்னேன். பாதிக்கு மேல வந்துட்டான். அவன் தலைப்பா தெரிஞ்சுது. கயிறு ஓடிருச்சு. விட்டுட்டேம்மா. எந்தம்பிய விட்டுட்டேன்.”

அவன் விழுந்ததும் வெடித்திருக்கிறது; பிழைக்கவில்லை. கயிறு இவரைக் கல்மேல் இழுத்துப் போட்டதில்தான் மணிக்கட்டு முறிந்தது. தம்பி மனைவி பஞ்சம்மாள் அதே வளவில், அடுத்த வீட்டில் இருக்கிறாள். அன்றிலிருந்து இவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வெறுமனே தண்ணீர் மொண்டு கொடுத்தேன்.

22 பிப்ரவரி

பஞ்சம்மாளுக்கு ஆள் அனுப்பினேன், அவரிடம் கேட்டுக்கொண்டுதான். “வரமாட்டா” என்றார். நீவிவிடுகிறவள் செய்யும் வேலையா இது? தெரியவில்லை.

26 பிப்ரவரி

வந்தாள்! மெலிந்த பெண், இடுப்பில் பெண் குழந்தை. அவளைக் கண்டதும் அவர் எழுந்து வெளியே போகப் பார்த்தார்.

“ஒக்காருங்க மச்சான்” என்றாள். “எம்புட்டு நாளைக்குத்தான் ஓடுவீக?”

அவர் தலை நிமிரவில்லை. “விட்டுட்டேன் தாயி” என்றார்.

“யார் சொன்னா விட்டீகன்னு? மயங்கிக் கெடந்தீக, ஒங்க கையத் தூக்கிப் பாத்தவ நான். ரெண்டு உள்ளங்கையிலயும் தோலே இல்ல, சதை தெரிஞ்சுது. விட்ட கையில தோல் எதுக்கு உரியுது?”

அவளே தொடர்ந்தாள். அந்தப் பேச்சை அப்படியே எழுதி வைக்கிறேன்: “ஆள் இல்லாம எறக்குனது தப்புத்தான். அதுல ஒங்க மேல எனக்குக் கோவம் இருக்கு, இல்லைன்னு சொல்லமாட்டேன். அவரும் சரின்னுதான எறங்குனாக. ஆனா நீங்க விட்டீகன்னு நான் ஒருநாளும் நெனைக்கல.”

அவர் அழுத அழுகையில் வெளியே காத்திருந்தவர்களெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். கதவைச் சாத்திவிட்டு நானும் வெளியே போய் நின்றேன். அழுதேனா? அழுதேன்.

28 பிப்ரவரி

கை விரியவில்லை. என்னதான் எதிர்பார்த்தேன், அற்புதமா?

5 மார்ச்

நேற்றோடு தவணை முடிந்தது. டாக்டர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ராத்திரி தூங்குகிறேன் என்றார் சுருளியாண்டி, நாலு மாதத்துக்குப் பிறகு. ஒத்தடம் கொடுக்கையில் கட்டைவிரல் என் விரலைத் தள்ளியது. மறுபடி வெந்நீர், மறுபடி எண்ணெய்.

2 ஏப்ரல்

மூன்று விரல் நிமிர்கிறது. வலி இருக்கும்போதே பயிற்சி செய்கிறார். முன்பு தொட விடாதவர். டாக்டர் வந்து கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நடிப்புன்னு எழுதினேனே, அந்தச் சீட்டைக் கிழிச்சிடு” என்றார். கிழித்தேன். வெளியே இன்னும் பன்னிரண்டு பேர்.

30 ஏப்ரல்

இனி வர வேண்டாம், வீட்டிலேயே செய்யுங்கள் என்று சொல்லிவிட்டேன். மோதிர விரலும் சுண்டு விரலும் வளைந்தபடிதான். முழுக்கச் சரியாக்க என்னால் முடியவில்லை.

11 ஜூன்

காற்றும் தூசியும். மத்தியானத்துக்குள் உடம்பில் தெம்பில்லை. நாற்காலியில் சாய்ந்திருந்தபோது சுருளியாண்டியும் பஞ்சம்மாளும் வந்தார்கள். குழந்தைக்குக் காதுகுத்தாம். பெரியப்பன்தான் ஊர் முழுக்க அழைக்கிறாராம்.

“கை வலி எப்படி?” என்றேன்.

“இருக்கும்மா. அது பாட்டுக்கு இருக்கட்டும்.”

வெற்றிலை பாக்கை வலது கையால் நீட்டினார். நான் எழப் போனேன்.

“அலுத்துப்போய் இருக்கீக. ஒக்காந்தே வாங்குங்கம்மா” என்றார்.

உட்கார்ந்தே வாங்கிக்கொண்டேன்.