வெள்ளை ஸ்கேட்ஸ் வாங்கியது யார்

வீட்சும்,
10 பிப்ரவரி 2012

அன்பு மகள் ஹிஸ்கேவுக்கு அம்மா மாய்கே எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் அந்தக் கனடாக் குளிரில் சளி இருமல் அண்டாமல் இருப்பாய் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். கால்வாய் ஒரு சாண் கனத்துக்கு உறைந்துவிட்டது, பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை, ஊரே பனிக்கட்டி மேல்தான் இருக்கிறது, பட்டாணி சூப்பு பானை பானையாகப் போகிறது. உறைந்த கால்வாய் வழியே பதினோரு ஊரையும் ஸ்கேட்ஸில் சுற்றிவரும் பதினோரு நகர ஓட்டம் மட்டும் இந்த வருஷமும் இல்லையாம், தெற்கே பனி மெல்லிசு என்று சொல்லிவிட்டார்கள். ஊர் ஸ்கேட்டிங் சங்கத் தலைவர் துர்க் நம் அடுப்படியில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார். அன்றைக்குத்தான் உன் அட்டை வந்தது. முப்பத்துமூன்று வருஷம் கழித்து ஸ்கேட்ஸ் வாங்கப்போகிறேன், எந்த வகை வாங்கட்டும் என்று கேட்டிருந்தாய். அப்பா அதை மூன்று தடவை படித்துவிட்டு, பரணுக்கு ஏறிப் பழைய பெட்டியை இறக்கிக்கொண்டு வந்தார்.

மேசையில் எல்லாவற்றையும் வரிசையாக வைத்தார். வயல் உழும்போது அவருக்குக் கிடைத்த மாட்டுக் கால் எலும்பு, அடிப்பக்கம் தேய்ந்து கண்ணாடி போல இருக்குமே, அதுதான் முதலில். இரும்பு வருவதற்கு முன்னால் அதைக் காலில் கட்டி, கோலால் தள்ளிக்கொண்டு போவார்களாம். அப்புறம் என் அண்ணனுடைய மரக்கட்டை ஸ்கேட்ஸ், நடுவில் இரும்புத் தகடு பதித்தது. கம்பளிக் காலுறை மேல் தோல்வாரால் இறுக்கிக் கட்டுவேன், வீடு திரும்பும்போது கால் நீலம் பாரித்திருக்கும். அந்த வாரை ஒருநாள் குனிந்து கட்டிவிட்டவர்தான் உன் அப்பா. கட்டிவிட்ட கூலிக்கு ஒரு முத்தம் என்பது ஊர் வழக்கம். அவர் கேட்கவே இல்லை, நானாகத்தான் கொடுத்தேன். அதே மாதிரி மரக்கட்டையில்தான் குறுந்தூரப் பந்தயம் எல்லாம் ஜெயித்தார். கடைசி வருஷம் நார்வே மாதிரியில், தோல் காலணியோடு நீளத் தகடு பொருத்தி வந்த ஒருவனிடம் தோற்றபோது, "மரம் தோத்துச்சு, நான் தோக்கல"ன்னு சொல்லிச் சிரித்தார். பெட்டியின் அடியில் உன் வெள்ளை ஸ்கேட்ஸ் இருந்தது. அதைப் பற்றிப் போனில் சொல்ல எனக்கு வாய் வராது, அதனால்தான் கடிதம்.

ஹிஸ்கே, அதை வாங்கியது அப்பா இல்லை, நான். உனக்குப் பத்து வயசு. அப்பா உன் காலைச் செய்தித்தாளில் வரைந்து, நார்வே மாதிரிதான் வேண்டும் என்று எழுதி என்னைக் கடைக்கு அனுப்பினார். கண்ணாடிக்குப் பின்னால் அந்த வெள்ளைக் காலணி நின்றது. சின்ன வயசில் ரொட்டிக்கடைக்காரர் வீட்டு டிவியில் ஒரு பெண் அப்படி ஒன்றைப் போட்டுக்கொண்டு பம்பரமாகச் சுழன்றதைப் பார்த்ததிலிருந்து எனக்கு அது மனசிலேயே கிடந்தது. கடைக்காரர் சொன்னார், "இது சுத்தி ஆடுறதுக்கும்மா, முன்னால பல்லு இருக்கு பாருங்க, கால்வாயில ஓடினா மாட்டிக்கும்." நான் கேட்கவில்லை. வீட்டில் பெட்டியைத் திறந்ததும் நீ அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு குதித்தாய், அவர்தான் வாங்கித் தந்தார் என்று. அவர் என்னைப் பார்த்தார். அன்று தொழுவத்தில், "மாய்கே, அந்தப் பல்ல அரத்தால தேய்ச்சிரட்டுமா?" என்று கேட்டார். அழகு கெட்டுவிடும், வேண்டாம் என்றேன். அந்தக் குளிரில் கால்வாயில் நடந்த பிள்ளைகள் பந்தயத்தில் பாதி தூரம்வரை உன் வகுப்பு நீன்கேயை விட நீதான் முன்னால் போனாய், அப்புறம் ஒரு விரிசலில் பல் மாட்டியது. வாயெல்லாம் ரத்தம், முன்பல் இரண்டு உடைந்து, ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, "நீங்கதான சாம்பியன், உங்களுக்குத் தெரியாதா? ஏம்ப்பா எனக்கு இதை வாங்கினீங்க?" என்று கத்தினாய். அவர் உன்னைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். அதற்கப்புறம் நீ பனிக்கட்டியில் கால் வைக்கவில்லை, அவரோடு மனசுவிட்டுப் பேசவும் இல்லை, பதினெட்டு வயசில் கிளம்பிப் போய்விட்டாய். உன்னிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று அவரிடம் நான் எத்தனையோ தடவை அழுதிருக்கிறேன். "உன் மேலயும் கோவம் வந்துட்டா புள்ள யார்கிட்டடி போவா? கோவம் என் மேலயே இருக்கட்டும்" என்பார். அந்தப் பேச்சு எனக்கும் வசதியாக இருந்தது. அதுதான் என் குற்றம். கோபப்படு, ஆனால் ஆளை மாற்றிக்கொள்.

இனி அவர் சொல்லச் சொன்னது. பல் வைத்தது வேண்டாம். ஹாக்கி ஆடுகிறவர்களுடையது குட்டைத் தகடு, திரும்ப நல்லது, தூரத்துக்கு ஆகாது. குதிகாலில் தகடு கழன்று டப்டப்பென்று அடிக்கும் புது மாதிரி பந்தயக்காரர்களுக்கு. உன் ஊர்க் கால்வாய்க்குக் கணுக்காலைப் பிடித்துக்கொள்ளும் உயரக் காலணியும் நீளத் தகடும் போதுமாம். முதல் நாள் தனியாகப் போகாதே, கையுறை மறக்காதே, இது நான் சொல்வது.

இதே கடிதத்தை முந்தாநாள் எழுதி அவரிடம் காட்டினேன். படித்தார், மடித்தார், அடுப்பில் போட்டுவிட்டு சூப்பைக் கிளறினார். இது இரண்டாவது. அவருக்குத் தெரியாமல் துர்க் கையில் கொடுத்துத் தபாலில் போடச் சொல்கிறேன். நீ தீர்க்காயுசாக, விழுந்தாலும் சிரித்துக்கொண்டே எழுந்து நன்றாக இரு என் கண்ணே. இது கிடைத்த பிறகு வருகிற ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது போனை நான் எடுக்க மாட்டேன், அடிக்கட்டும். அப்பாவுக்கு முழங்கால் இப்போது மடங்குவதில்லை, எழுந்து வர நேரமாகும். வைத்துவிடாதே.

உன் அம்மா,
மாய்கே