குழாயை அடைத்த பாலாடை

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? நான் நலம். கையில் சின்னக் கொப்புளம், அவ்வளவுதான்.

சூடான டீயை நொடியில் ஆற வைக்கும் எங்கள் கம்பெனியின் புது இயந்திரத்தை வெறும் வெந்நீர் ஊற்றியே சோதித்தார்கள். "பால் ஊத்திப் பாருங்க சார், ஆடை படிஞ்சு குழாய் அடைச்சுக்கும்" என்று மேலாளரிடம் தலைபாடாய் அடித்துக்கொண்டேன். "தண்ணியே போதும்மா" என்றார். நேற்று முதலாளி முன்னால் பால் டீயை ஊற்றினார்கள். குழாய் அடைத்து, அத்தனையும் என் கைமேல் கொட்டியது. மேலாளரோ, "இந்தப் பொண்ணு பண்ண டிசைன் சார்!" என்று என்னைக் கைகாட்டிவிட்டார். மானங்கெட்ட மனுஷன்!

என் எவர்சில்வர் டம்ளர் இரண்டையும் அனுப்பி வையுங்கள், நானே ஆற்றிக்கொள்கிறேன். டீ ஆறும்வரை பேசிக்கொண்டிருக்க இங்கே ஓர் ஆள் இல்லை. அதனால்தான் இவர்களுக்கு இயந்திரம் கேட்கிறது!

அவசரமாக,
உங்கள் மகள்